சுவருக்குத் தார்ப்பாய், ஆளுக்குக் கூடாரம்

கப்பலூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் தார்ப்பாய் செய்கிறோம். சுருள் சுருளாக வரும் ஷீட்டை வெட்டி, ஓரத்தில் கயிறு வைத்து மடித்து, சூட்டில் ஒட்டி, சுற்றிலும் கயிறு கோர்க்க வளையம் வைத்துக் கண் அடித்து அனுப்புகிறோம். நெல் மூட்டை, லாரி, செங்கல் சூளை, கல்யாணப் பந்தல் என்று எங்கெங்கோ போகும். நான் அலுவலக அறையில் இருக்கிறேன். எந்தச் சரக்கு எந்த வண்டியில் போகிறது, எது கண் பிய்ந்து திரும்பி வந்தது என்று பார்ப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குள் காலை வைத்ததும் நான்தான். அப்பா மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா முன்பு நாற்று நட்டாள், களை எடுத்தாள். வயல்கள் பிளாட் ஆனபிறகு அதே இடத்தில் எழும்பும் வீடுகளுக்குச் செங்கல் சுமக்கிறாள். அக்கா எட்டாவதோடு நின்று மில்லுக்குப் போனாள். இதை எங்கேயும் நான் மறைத்துச் சொன்னதில்லை. கம்பெனியில் யாராவது கேட்டால் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன்.

ஒரு தார்ப்பாயை விரலால் நிரடிப் பார்த்து அது எத்தனை மழைக்குத் தாங்கும் என்று என்னால் சொல்லிவிட முடியும். ஆனால் அதன் அடியில் குடியிருந்தது போன ஐப்பசியில்தான்.

எங்கள் வீடு ஒத்தக்கடையைத் தாண்டி ஒரு கண்மாய்க் கரையை ஒட்டி இருந்தது. அப்பா பிறப்பதற்கு முன்பே அங்கே குடிசை இருந்ததாம். நாங்கள் வளர வளர அது ஓட்டு வீடானது. கரண்டு பில் வந்தது, வீட்டு வரி ரசீது வந்தது, பட்டா மட்டும் வரவில்லை. கண்மாயை அளந்து சிவப்புப் பெயின்டில் கோடு போட்டபோது, அந்தக் கோடு எங்கள் முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவில் ஓடியது. ஜேசிபி வந்த அன்று கோட்டுக்கு அந்தப்புறம் இருந்ததை எல்லாம் அள்ளிவிட்டது. முன்னறை போனது. அதோடு கூரையும் சரிந்து இறங்கியது. பின்னறையின் மூன்று சுவர்கள் மட்டும் திறந்த பெட்டி மாதிரி நின்றன. அப்பா தன் கூட்டாளிகளை வைத்து முன்வாசல் நிலையை மட்டும் முந்திக்கொண்டு பெயர்த்து எடுத்திருந்தார். வேப்பமர நிலை. அது சுவரோரம் படுத்துக் கிடந்தது.

மிச்சம் நிற்பதையும் காலி செய்யத்தான் வேண்டும் என்றார்கள். மாற்று வீடு ஒதுக்கியிருக்கிறது, சாவி வர நாளாகும் என்றார்கள்.

இவ்வளவும் அக்கா பச்சை உடம்புக்காரியாக இருந்தபோது நடந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, பெண் குழந்தை பெற்று, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு பின்னறையில் படுத்திருந்தாள். ஜேசிபி வேலை செய்த நேரம் முழுவதும் பக்கத்துத் தெரு ஆட்டோவுக்குள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்பக்கத் திரையை இறக்கிவிடச் சொன்னாள். சத்தம் கேட்டால் போதும், பார்க்க வேண்டாம் என்றாள்.

வாடகைக்கு வீடு தேடினோம். நான்தான் அலைந்தேன். முதலில் நீங்கள் எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருவைச் சொன்னதும் முகம் மாறும். மாறாத ஒன்றிரண்டு முகங்களும், வீட்டில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள் என்றதும், "தீட்டுக் கழியட்டும்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று கதவைச் சாத்தின. சொந்தக்காரர்கள் என்று இருந்தவர்கள் எங்கள் வரிசையிலேயே இருந்தவர்கள். அவர்கள் வீடும் மண்ணாகத்தான் கிடந்தது.

அக்காவின் மாமியார் போன் செய்தார். மேலூர்ப் பக்கம் அவர்களுக்குக் காங்கிரீட் வீடு. கல்யாணப் பேச்சின்போதே எங்கள் வீட்டுக்குப் பட்டா இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டவர். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டாள். அவளுக்கு அப்படித்தான் பேச வரும்.

"என்ன மதினி, வீடு போச்சாமே?"

"முன்பக்கந்தான் மதினி. பின்னாடி இருக்கு."

"இருக்குன்னா என்ன இருக்கு?"

"சுவரு இருக்கு மதினி."

"சுவத்து மேலயா பிள்ளையப் படுக்க வச்சிருக்கீக? நாளைக்கே வண்டிய எடுத்துட்டு வாரோம், அனுப்பிவிடுங்க."

"மூணாம் மாசம் நாள் பாத்து வாங்க மதினி. என் மகளை முறையா அனுப்புறேன்."

போன் வைத்தபிறகு அக்காதான் பேசினாள். பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி, எங்களைப் பார்க்காமல் சொன்னாள்.

"இப்ப நான் போனேன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாக. ஆத்தா வீட்டுல உக்கார எடமில்லாம ஓடி வந்தவதானேன்னு. சோத்துல போட்டுப் பெசஞ்சு குடுப்பாக. எனக்கு ஒண்ணும் வேணாம்மா. அவுக வந்து, உள்ள உக்காந்து தண்ணி குடிச்சு, என்னைய நெலையத் தாண்டிக் கூட்டிட்டுப் போகணும். அம்புட்டுதான்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். தலைப்பிள்ளையோடு பெண் புறப்படும்போது, வந்த சம்பந்திகள் முதலில் வீட்டுக்குள் வந்து தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு பெண் பிள்ளையை ஏந்திக்கொண்டு நிலைக்குள் நின்று, நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, வலது காலை எடுத்து வெளியே வைக்க வேண்டும். அந்த நிமிஷத்திலிருந்துதான் அவள் புகுந்த வீட்டில் வாயைத் திறந்து பேசலாம் என்பார்கள். அக்காவுக்கு வேண்டியிருந்தது அது. அதுவரை பிள்ளை நனையாமல் இருக்க வேண்டும்.

கம்பெனியிலிருந்து ஒரு தார்ப்பாய் கொண்டு வந்தேன். ஒரு ஓரத்தில் கண்கள் சரியாக அடிபடாமல் ஒதுக்கிவைத்தது. நல்ல கனம், நீல நிறம். அப்பா மூங்கிலை முட்டுக் கொடுத்து நிறுத்தினார். நான் அக்காவின் பாய் இருக்கும் பக்கம் தாழ்வாக இறக்கிக் கட்டச் சொன்னேன், சாரல் அடிக்காமல். அம்மா கேட்கவில்லை. ஏணியில் ஏறி, தார்ப்பாயை மூன்று சுவர்களின் தலைமேலும் இழுத்துப் போர்த்தி, வெளிப்பக்கம் தொங்கவிட்டு, கயிற்றால் சுவரின் தலையோடு இறுக்கிக் கட்டி, ஓரத்தில் செங்கல்லைத் தொங்கப்போட்டாள். சுவரை மூடியது போக நடுவில் இருந்ததுதான் எங்களுக்கு. வாசல் பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது.

"ஏம்மா, சுவருக்கா மழை பெய்யுது?"

"செம்மண்ணு வச்சுக் கட்டுன சுவருடி. மண்டையில தண்ணி எறங்குச்சுன்னா கரைஞ்சிரும்."

"கரைஞ்சா கரையட்டும். எப்படியும் இடிக்கத்தானே போறாங்க?"

"அவன் இடிக்கிறப்ப இடிக்கட்டும். அதுவரைக்கும் நிக்கணும்."

அவள் அந்தச் சுவர்களைக் கட்டியபோது மண் குழைத்தவள். கொத்தனாருக்குச் சமமாக நின்று சுமந்தவள். அதனால் நான் மேலே பேசவில்லை. ஆனால் சரி என்றும் சொல்லவில்லை.

தார்ப்பாய்க்கு அடியில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் குணம் தெரியும். பகலில் வெயில் ஏறினால் உள்ளே வேகும். காற்று அடித்தால் அது ஓயாமல் படபடக்கும். பிள்ளை ஒவ்வொரு அடிக்கும் கையை விரித்து அதிரும். நடுவில் தொங்கும் இடத்தில் தண்ணீர் குட்டையாகச் சேரும், கம்பால் முட்டித் தள்ள வேண்டும். எல்லாவற்றையும் விட அந்த நீல வெளிச்சம். சோறு நீலம், சுவர் நீலம், அக்காவின் கால் நீலம். பிள்ளையின் முகம் செத்த பிள்ளை மாதிரி நீலமாகத் தெரியும். அக்கா அதைப் பார்த்துப் பார்த்துப் பயந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடுவாள். அங்கே நிறம் சரியாக இருக்கும். திரும்ப உள்ளே வருவாள். மறுபடி பயம் பிடிக்கும். சுகாதார நர்ஸ் வந்தவர் பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று அந்த வெளிச்சத்தில் பார்க்க முடியாமல் வெளியே எடுத்துக்கொண்டு போய்த்தான் பார்த்தார். காமாலை இல்லை, நெஞ்சில் சளி இருக்கிறது, ஈரத்தில் வைக்காதீர்கள் என்றார்.

அப்போதுதான் எனக்குக் கம்பெனி அலமாரியின் மேல் கிடந்த கூடாரம் நினைவுக்கு வந்தது. மலைக்குப் போகிறவர்கள் போடுவார்களே, அந்த வகை. ஒரு ஆர்டருக்காக மாதிரிக்குத் தைத்தது. ஆர்டர் வரவில்லை, அது தூசியில் கிடந்தது. நான்கு பேர் படுக்கலாம். அடியிலும் ஷீட் உண்டு, நான்கு பக்கமும் அடைப்பு, ஜிப் வைத்த வாசல். வெள்ளைத் துணி, மேலே தண்ணீர் இறங்காத பூச்சு. சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன்.

"எதுக்குத் தாயி? கொடைக்கானலுக்கு டூரா?"

"வீட்டுக்குத்தான் அண்ணே."

அவர் சிரித்த வாயை மூடிக்கொண்டார். ஸ்டூலைப் போட்டு அவரே ஏறி எடுத்து, தூசியைத் தட்டி, முளைகள் எல்லாம் இருக்கின்றனவா என்று கொட்டிப் பார்த்து மறுபடி பையில் போட்டுத் தந்தார். முதலாளியிடம் தான் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்.

இரண்டு பஸ் மாறி அதைச் சுமந்து வந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பிரித்தேன். பின்னறைக்குள் போட வழியில்லை. தரை சிமென்ட், முளை இறங்காது, நீளமும் பற்றாது. பக்கத்து வீடு இருந்த இடத்தை ஜேசிபி மட்டமாக வாரியிருந்தது. அவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்கள். அங்கேதான் போட்டேன். கல்லூரியில் என்சிசி முகாமில் கூடாரம் கட்டக் கற்றவள் நான். எங்கள் அணியில் என் கூடாரம்தான் முதலில் நிமிர்ந்து நிற்கும். முளையைச் சாய்த்து அடிப்பது, தண்ணீர் ஓடச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டுவது, எல்லாம் கை மறக்கவில்லை. யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. அது நிமிர்ந்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வரிசையில் மிச்சமிருந்த ஒருவர் பல் குச்சியோடு வந்து நின்று அப்பாவிடம் கேட்டார்.

"என்ன மாப்ள, மக சர்க்கஸ் கூடாரம் கொண்டாந்திருக்கு போல?"

"ஆமா. குரங்கு ஒண்ணு கொறையுது, நீ வாரியா?" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. இடிந்த வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குள்ள எப்படிப் போறது?"

"குனிஞ்சு போகணும்மா."

"சம்பந்தி வந்தா?"

"அவுகளும் குனியட்டும்."

"குனிவாகளா?" என்றாள். பிறகு, "வீட்டை விட்டு எறங்கி என் மக பிள்ளையோட குறவன் மாதிரி பொட்டல்ல படுக்க மாட்டா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்படிச் சொல்லாதே என்று நான் சத்தம் போட்டேன். அவர்கள் கூடாரத்துக்கு என்ன குறைச்சல் என்றேன். காதில் வாங்கவில்லை.

அன்று மத்தியானம், ஞாயிறு என்றும் பாராமல், தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். என் வயதுதான் இருக்கும். தோளில் பை, கழுத்தில் அட்டை. சுவர் மேல் போர்த்திய தார்ப்பாயைப் பார்த்ததும் முகம் சுளித்தார்.

"ஏம்மா, காலி பண்ணச் சொன்ன எடத்துல மறுபடி கூரை போட்டிருக்கீங்க? நாளைக்கு வந்து எங்களைத்தான் கேப்பாங்க."

"பச்சப்பிள்ளை இருக்குய்யா" என்றாள் அம்மா.

"அதுக்கு நான் என்னம்மா செய்ய?" பிறகு அவர் கண் கூடாரத்தின் மேல் போனது. "இது யாரு போட்டது?"

"நான்தான் சார்" என்றேன். மாற்று வீட்டுச் சாவி வரும்வரை குழந்தையை வைத்திருக்க வேறு இடம் இல்லை, நர்ஸ் ஈரத்தில் வைக்க வேண்டாம் என்றிருக்கிறார் என்று நிதானமாகச் சொன்னேன். சாவி என்றைக்கு என்று திருப்பிக் கேட்டேன். அவர் என்னைக் கொஞ்சம் கவனமாகப் பார்த்தார்.

"டென்ட்டுதானே, போட்டுக்கிடுங்க. அதுல ஒண்ணும் பிரச்சனை இல்லை. சுவத்துலதான் எதையும் கட்டக் கூடாது."

பைக் போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா? அவனே சொல்லிட்டான். இதைப் பாத்தா அவனுக்குக் கோவம் வருது. ஏன்னா இது வீடு. அதைப் பாத்தா அவனுக்கு ஒண்ணுமே தோணல. அது வீடில்லை."

 அவள் சொன்னது சரி. ஆனால் பிள்ளையின் நெஞ்சுக்குள் சளி கரகரப்பது என் காதில் விழுந்துகொண்டிருந்தது. அதுவும் சரி.

"வீடா இருந்துக்கிட்டுப் போகட்டும்மா. மழை ஆளு மேல பெய்யுது. நீ தார்ப்பாயைச் சுவத்துக்குப் போர்த்தியிருக்க."

"சுவரு இல்லாம எதைக் காட்டி என் மகளை அனுப்புவேன்?"

"பிள்ளை இல்லாமப் போச்சுன்னா யாரை அனுப்புவ?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.  அம்மா பிள்ளையின் தலைமாட்டில் காத்துக்கருப்பு அண்டாமல் போட்டிருந்த இரும்புத் துண்டை எடுத்து நேராக வைத்தாள். அப்பா எழுந்து வெளியே போனார்.

முடிவு செய்தது அக்கா. அடுத்த நாள் காலை, சாரலில் நனைந்த தன் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் கூடாரத்துக்கு நடந்தாள். ஜிப்பைத் திறக்கத் தெரியாமல் நின்றாள். நான் ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். தையல் போட்ட உடம்போடு அவள் குனிந்து, முழங்காலில் ஊன்றி, ஒரு கையால் தவழ்ந்து உள்ளே போனாள். உள்ளே போய்ப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள்.

"வெள்ளையா இருக்கா" என்றாள். "நெறம் தெரியுதுடி."

அன்று பிள்ளை அதிராமல் தூங்கியது.

அம்மா வரவில்லை. அப்பாவும் அவளும் சுவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். கஞ்சி காய்ச்சி, மருந்து இடித்து, மூடி எடுத்துக்கொண்டு வந்து கூடாரத்து வாசலில் வைத்துவிட்டுப் போவாள். உள்ளே எட்டிப் பார்க்க மாட்டாள். பிள்ளை வேண்டும்போது, "இங்க குடு" என்று வெளியில் நின்றே கையை நீட்டுவாள். குளிப்பாட்டுவதற்கு மட்டும் பிள்ளையைச் சுவர்களுக்குள் கொண்டு போவாள். வெள்ளிக்கிழமை தவறாமல், படுத்துக் கிடந்த நிலைக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள்.

பிள்ளைக்குச் சளி குறைந்து வந்தது. சாவி வரவில்லை. மழை விட்டு விட்டுப் பெய்தது.

சுவர் விழுந்தது ஒரு சாயங்காலம், அப்பா மார்க்கெட்டிலிருந்து திரும்புவதற்கு முன். நான் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்து கூடாரத்துக்குள் நனைந்த துணியை மாற்றிக்கொண்டிருந்தேன். மேற்கே கறுத்து, கண்மாய்ப் பக்கமிருந்து காற்று ஒரே வீச்சாக வந்தது. கூடாரம் ஒரு பக்கம் வளைந்து நிமிர்ந்தது. முளை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் அப்படி இல்லை. காற்று அதற்கு அடியில் புகுந்து அதைப் பாய்மரம் மாதிரி உப்பச் செய்தது. அம்மா சுவர்மேல் இறுக்கிக் கட்டியிருந்த கயிறு ஒவ்வொன்றும் சுவரின் தலையைப் பிடித்து இழுத்தது. தலையில் ஈரம் இறங்கவில்லை. அந்த மட்டில் அவள் காப்பாற்றிவிட்டாள். அடியில் இறங்கியிருந்தது. முன்சுவரை ஜேசிபி பெயர்த்த இடத்தில் அஸ்திவாரம் திறந்து கிடந்ததை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

பெரிய சத்தம் என்று எதுவும் இல்லை. மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி ஒரு தொப்பென்ற சத்தம். அக்காவின் பாய் இருந்த பக்கத்துச் சுவர், அவள் படுத்திருந்த இடத்தின் மேலேயே முழுசாகச் சாய்ந்தது. அம்மா அந்த நேரம் நடு மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள், தார்ப்பாயைக் காற்று கொண்டுபோகாமல் இருக்க. சுவரின் நுனிதான் அவள் மேல் விழுந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தாள். அதைத் தூக்கியதும் தண்ணீரும் செம்மண்ணும் அவள் முகத்தின் மேல் ஓடின.

"பிள்ளை எங்க?" என்றாள். அதைத்தான் முதலில் கேட்டாள்.

"டென்ட்டுல இருக்கும்மா. நல்லா இருக்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் கட்டுப் போட்டு, கையைக் கழுத்தோடு தொங்கவிட்டு அனுப்பினார்கள். இனிமேல் செங்கல் சுமக்கக் கூடாது என்றார்கள். நான் சொன்னதுதான் நடந்தது என்று அவளிடம் நான் ஒரு நாளும் சொல்லவில்லை. அவளும் என்னிடம் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து கூடாரத்தில் நாங்கள் எல்லோரும் படுத்தோம். அப்பாவின் கால் மட்டும் வெளியே நீட்டியிருக்கும்.

விஷயம் மேலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் மாதம் பிறக்கவில்லை, நாளும் பார்க்கவில்லை, வியாழக்கிழமை வாரோம் என்று அக்காவின் வீட்டுக்காரர், என் மச்சான், போனில் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். "சரி, வாங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு கூடாரத்தின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஜிப் வாசலையும், அதற்கு முன்னால் தேங்கிய சேற்றையும்.

புதன்கிழமை அப்பா வேலைக்குப் போக எழுந்தபோது, அம்மா, "இன்னைக்குப் போகாதீக" என்றாள். "அந்த நெலையத் தூக்கி நிறுத்துங்க."

"எங்க?"

"இங்கதான். இதுக்கு முன்னாடி."

அப்பா கூடாரத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "சிரிப்பாகடி" என்றார்.

"சிரிக்கட்டும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். பேசாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டேன்.

கூடாரத்து வாசலுக்கு நேராகக் கொஞ்ச தூரம் தள்ளிக் குழி தோண்டினோம். மழையில் ஊறிய மண், தோண்டத் தோண்டச் சரிந்தது. நிலையின் கால்களை இறக்கி, விழுந்த சுவரின் செங்கல்லைப் பொறுக்கிச் சுற்றிலும் அடுக்கினோம். அம்மா ஒற்றைக் கையால் இடம் காட்டினாள். நின்றுகொண்டுதான் இருந்தது. ஆனால் தொட்டால் ஆடியது. மாவிலை கட்டினேன். வீடில்லாத வாசலையும் அதற்குப் பின்னால் சேறு படிந்த வெள்ளைக் கூடாரத்தையும் ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து ஆட்கள் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வியாழக்கிழமை வேன் வந்தது. அக்காவின் மாமனார் இறங்கவே இல்லை. முன் சீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் இறங்கி, சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நிலையைப் பார்த்து நின்றார்.

"இது என்ன மதினி, நாடகக் கொட்டகையா?"

"வாசல் மதினி" என்றாள் அம்மா. "வாங்க."

அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நிலைக்குள் நுழைந்து வந்தார். கூடாரத்துக்குள் குனிந்து வரவில்லை. அதன் முன்னால் நான் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அம்மா கட்டுப் போட்ட இடது கையோடு வலது கையால் நீட்டிய தண்ணீரை வாங்கி ஒரு வாய் குடித்தார். அதற்காக அவர்மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதியை விட்டுவிட்டேன்.

மச்சான் நிலை வரைக்கும் வந்தார். ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு அதைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வந்து, பையை எடுத்துக்கொண்டு, அதே வழியில் சுற்றிக்கொண்டு போனார். கூடாரத்தின் ஜிப் பாதி திறந்திருந்தது. அக்கா உள்ளே உட்கார்ந்து அதைப் பார்த்தாள்.

இப்போது நாங்கள் இருக்கும் மாற்று வீடு மூன்றாவது மாடி. வாசலுக்கு இரும்பு நிலை. வேப்பமர நிலை மாடிப்படித் திருப்பத்தில் ஏற மறுத்ததால் கீழேயே கிடக்கிறது. கூடாரத்தைக் கழுவிக் காயவைத்துக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜிப்பின் பல்லில் செம்மண் போகவே இல்லை. பொங்கலுக்கு அக்காவை அவர்கள் அனுப்பவில்லை. சித்திரைத் திருவிழாவுக்கும் அனுப்பவில்லை. போனில் பேசும்போது பின்னால் யாராவது இருக்கிறார்களா என்பது அவள் குரலிலேயே தெரிந்துவிடும். பிள்ளை தவழ்கிறதாம்.

அந்த வியாழக்கிழமை அக்கா முதலில் பிள்ளையை என்னிடம் நீட்டிவிட்டுக் கூடாரத்திலிருந்து முழங்காலில் தவழ்ந்து வெளியே வந்தாள். எழுந்து நின்று சேலை மடிப்பைச் சரிசெய்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். பிள்ளையை வாங்கிக்கொண்டாள். அம்மா திருநீறு பூசினாள். நிலைக்குள் வந்து நின்றதும் அக்கா நடப்பதை நிறுத்திவிட்டாள்.

வேனிலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவள் ஒரு கையால் நிலையைத் தொட்டாள், கண்ணில் ஒற்றினாள். மறுபடி ஹாரன் அடித்தார்கள். அப்போதும் நகரவில்லை. முன்பு வாசலில் நின்று தெருவைப் பார்ப்பாளே, அப்படி நின்றாள். மாமியார் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்துக் காத்திருந்தார். மச்சான் காத்திருந்தார். தனக்கு வேண்டிய நேரம் முழுவதும் நின்றபிறகு வலது காலைத் தூக்கி வெளியே வைத்தாள்.

நிலை ஆடவில்லை. அது ஏன் என்று பிறகுதான் கவனித்தேன். அப்பா ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்பதுபோல் நின்று, முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்து நிலையைப் பிடித்திருந்தார். மூட்டை தூக்கும் கை, நரம்பு புடைத்து நின்றது. வேன் மேலூர் ரோட்டில் ஏறி மறையும் வரை அவர் கையை எடுக்கவில்லை. எடுத்ததும் நிலை செங்கல்லோடு சேற்றில் சாய்ந்தது.